எட்டு மணி மின்வெட்டு

சாட்ஸ்வர்த், ஏழாம் யூனிட்.
கார் நிற்காத கராஜ்.
டர்ன்டேபிளிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு கேபிள்,
அங்கிருந்து பெர்த், டொராண்டோ,
நைட் ஷிப்ட் நர்ஸ் ஒருத்தியின் காது.

கீறலைத் துடைக்கும் மென்பொருளை
ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன்.
கீறலோடு
பாடகி மூச்சிழுப்பதும் போயிற்று.
அப்புறம் தொடவில்லை.

நேற்று எட்டு மணிக்கு கரண்ட் போனது.
மற்றதெல்லாம் பேட்டரியில்,
இசைத்தட்டு மட்டும் சுவரை நம்பியிருந்தது.
சரணத்தின் நடுவில்
அவள் குரல் தடித்தது,
ஆணானது,
ஹிகின்சன் மேட்டில் திணறும் பஸ்ஸானது,
நின்றது.

இருட்டில் போன்.
பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து தனபாக்கியம் கோவெண்டர்:
"கடைசியில வந்தானே ஒரு ஆம்பளை, யாருப்பா அவன்?
நல்லாப் பாடுறான். இன்னொருதரம் போடு."

கரண்ட் வரட்டும் என்றேன்.

போகட்டும் என்று
சொல்லியிருக்க வேண்டும்.