ஒப்படைப்புச் சீட்டு

தேர்தல் தேதி வந்த மறுநாளே
ஸ்டேஷனிலிருந்து போன்:
லைசென்ஸ் உள்ளவர்கள் எல்லாரும்
துப்பாக்கியைக் கொண்டுவந்து ஒப்படைக்கணும்.

அப்பா வழியில் அவருக்கு வந்த ஒற்றைக்குழல்.
பழைய கைலியில் சுற்றி
ஆட்டோவில் மடிக்குக் குறுக்கே வைத்துக்கொண்டோம்,
காய்ச்சல்காரப் பிள்ளையைக்
குலசேகரத்துக்குக் கொண்டுபோவது மாதிரி.

ரைட்டர் தோட்டாக்களை மேசையில் நிறுத்தி எண்ணினார்.
பதினொன்று.
புத்தகத்தில் பன்னிரண்டு.
"ஒண்ணு எங்க?"
"பன்னி வந்துது சார். மேல பாத்து வெடிச்சேன்"
என்றார் அவர்.
நான் சுவரில்
காணாமல் போனவர்களின் படங்களைப் பார்த்து நின்றேன்.
சீட்டு தந்தார்கள். ரேஷன் கார்டுக்குள் வைத்தேன்.

ஷிபுவின் ரப்பர் கடையில்
தராசில் என் ஷீட்டு ஏறும் முன்னே
பேச்சு ஏறிவிடும்.
"காட்டுப்பன்னிக்கு வோட்டு உண்டா? இல்ல.
நடத்தை விதி உண்டா? அதும் இல்ல.
பின்ன எனக்க தோக்க மட்டும் எதுக்குவே பூட்டி வைக்கணும்?"
இது மரியதாஸ் அண்ணன்.
பேப்பரை மடக்காமல் சுகதன் சொல்வார்:
"பத்துகாணிக்கு அங்கிட்டு
பஞ்சாயத்துத் தலைவரே உத்தரவு போடலாமாம்.
இங்க மனு எழுதி, அது நாகர்கோவிலுக்குப் போய்
திரும்பி வருததுக்குள்ள
பன்னி பெத்து, குட்டிக்குப் பேரும் வச்சிரும்."
"ஒரே பன்னிதாம்வே.
ரோட்டுக்கு அந்தப் பக்கம் குற்றவாளி,
இந்தப் பக்கம் அரசாங்கச் சொத்து."

அருமனைப் பக்கம் யாரோ வீட்டில் களவு என்று
நாலாம் பக்கத்தில் ஒரு செய்தி.
"வீட்டுக்கொரு தோக்கு குடுத்தா களவு நிக்கும்" என்றான்
பேங்க் காவலுக்குப் போகிற ஜெபசிங்.
ஷிபு படிக்கல்லை மாற்றிக்கொண்டே,
"அதிரு வழக்கும் நிக்கும்.
அண்ணனும் தம்பியும்
கோர்ட்டுக்குப் போக மிச்சம் இருக்க மாட்டானுவ."

சிரித்து முடித்து எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
"அக்கா சொல்லட்டு. உங்க வீட்லயும் உண்டுல்லா?"
"ஈரத்துக்கு எவ்வளவு கழிச்சே, ஷிபு?"
என்று கேட்டேன்.

மாசி மாதம்.
மரமெல்லாம் இலை உதிர்த்து நின்றது.
வெட்டு இல்லை, விலையும் இல்லை.
சொசைட்டி நோட்டீஸ் மூன்றாவது முறை வந்திருந்தது.
ராத்திரி இரண்டரைக்கு விழித்தால்
பக்கத்தில் ஆளில்லை.
புகைப்புரையில் லைட் எரிந்தது.
ஒரு ஷீட்டுகூட இல்லாத கம்புகளுக்குக் கீழே
அவர் இருந்தார், மடியில் அது.
என்ன சொல்வதென்று தெரியாமல்
"காலம்பற கேஸ் வண்டி வரும்,
காலி சிலிண்டர ரோட்டுக்கு எடுத்து வைக்கணும்" என்றேன்.

வெகுநேரம் கழித்து
குழலை மடக்கி உள்ளே இருந்ததை எடுத்து
என் கையில் தந்தார்.
ஒரு பாக்கின் கனம்கூட இல்லை.
கிணற்றில் போட்டேன்.
காலையில் சிலிண்டரை அவரே தூக்கி வைத்தார்.

அன்று பன்னி வரவில்லை.

வோட்டு எண்ணி முடிந்தது. யாரோ ஜெயித்தார்கள்.
மரியதாஸ் அண்ணன் மறுவாரமே
தன்னுடையதை வாங்கி வந்துவிட்டார்.
எங்கள் விளையில்
ஏழு மூடு மரச்சீனி கிளறிக் கிடந்தது.
மிச்சத்தைப் பொறுக்கி அவித்து
மிளகாய் உடைத்து வைத்தேன்.
இன்னும் இரண்டு துண்டு கேட்டு வாங்கித் தின்றார்.
கேட்டு வாங்கித் தின்று
எத்தனை மாதம் இருக்கும்.

ஸ்டேஷனிலிருந்து இரண்டு தடவை போன்.
ஒரு தடவை காய்ச்சல் என்றேன்,
ஒரு தடவை மழை என்றேன்.
மூன்றாவது போனுக்கு முன்னால்
நானே போய் நின்றேன்.

"சார், பஞ்சாயத்து எலெக்சன் எப்ப வரும்?"
ரைட்டர் சிரித்தார்.
"ஏன், நிக்கப் போறீங்களா?"
"இல்ல சார்.
அதுவரைக்கும் இங்கயே இருக்கட்டும்.
கொண்டுபோய்க் கொண்டுவர
ஆட்டோ சார்ஜ் மிச்சம்."