அரை பார் ஐஸ்

ஒன்பதாம் அத்தியாயத்தில்
எமரென்சியாவைக் கணுக்கால் ஆழத்தில்
கடலுக்குள் நிறுத்தியது தை மாசம்.
இப்போது வைகாசி.
இன்னும் அங்கேயே நிற்கிறாள்.
பாதம் ஊறி வெளுத்திருக்கும், பாவம்.
முன்னால் போகவோ திரும்பிப் பார்க்கவோ
நான் ஒரு வரி கொடுக்கவில்லை.

மண்டபம் வடக்குத் துறையில்
ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன்.
தடைக்காலம் வரட்டும், எழுதித் தள்ளிவிடலாம் என்று
பங்குனியிலேயே
குயர் நோட்டு மூன்று, நீலப் பேனா அரை டஜன்
வாங்கி அடுக்கினேன்.
அறுபத்தொரு நாள்.
விசைப்படகுகள் கரையேறிப் புது வண்ணம் பூசிக்கொண்டன.
வலைகளின் கிழிசல்கூடப் பொத்தியாயிற்று.
நான் பேனா மூடியைக் கடித்ததோடு சரி.

நேரம் இருந்தால் எழுதலாம் என்பது
நேரம் இல்லாதவர்கள் கட்டிய கதை.

கடலைப் பார்த்தால் கற்பனை ஊறுமாம்,
வெளியூர்க்காரர்கள் சொல்கிறார்கள்.
எங்களுக்குக் கடலைப் பார்த்தால்
காற்று எந்தப் பக்கம் என்றுதான் தெரியும்.
சோழகம்.
மணலை வாரி மேசைமேல் போட்டு
நோட்டைத் தானே புரட்டிப் பார்க்கிறது:
எழுதாத பக்கம்,
எழுதாத பக்கம்,
மளிகைச் சிட்டை,
எழுதாத பக்கம்.

வேலையில்லாத ஒரு மத்தியானம்
பழைய பேரேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.
வெள்ளி. கித்தேரியான். அரை பார். ரொக்கம்.
அடுத்த வெள்ளியும் அரை பார்.
அதற்கடுத்ததும்.
படகு எண் எழுதும் கட்டத்தில் மட்டும் ஒரு கோடு.
என் கையால் போட்ட கோடு.
நாற்பத்தொரு தடவை போட்டிருக்கிறேன்,
ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

படகை விற்று ரெண்டு வருசமான மனுசனுக்கு
வெள்ளிக்கு வெள்ளி ஐஸ் எதற்கு?
மீன் வியாபாரமா? தராசு இல்லை.
வீட்டில் காய்ச்சலா? ஒரு வருசமாகவா?
பிணத்துக்கா என்றுகூட நினைத்தேன்.
நாற்பத்தொரு வாரம் யார் சாவது!

அந்த வெள்ளி கேட்டேவிட்டேன்.
சாக்கை உதறி விரித்தபடி சொன்னார்:
"போன வாரத்து ஐஸு சரியா ஒறையல தாயி.
முதலாளிகிட்டச் சொல்லி வை."
அவ்வளவுதான்.
தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தார்.
முதுகில் தண்ணீர் கோடு கோடாக இறங்கியது.

ஆனி பிறந்தது.
முதல் நாள் இரவு
துறையில் கால் வைக்க இடமில்லை.
உடைக்கிற மெஷின் ஊரையே அரைப்பதுபோல் இரைய,
அம்மோனியா நெடி கண்ணில் ஏற,
"நாலு பார் போடு", "எனக்கு முதல்ல போடு",
"ஏ, யாருலே அது குறுக்க" என்று சத்தம்.
ஒரு படகுக்கும் அடுத்த படகுக்கும் இடையில்
மூச்சுவிடும் நேரம்.
டோக்கன் சீட்டின் முதுகில் என் கை எழுதியது:

எமரென்சியாவுக்குப் பின்னால்
கரையில் ஒருத்தன் நிற்கிறான்.
தோளில் சாக்கு. சாக்குக்குள் ஐஸ்.
எங்கே கொண்டுபோகிறான் என்று சொல்லமாட்டான்.
ஆனால் நிற்க முடியாது அவனால்.
அவசரம் அவனுடையது அல்ல,
சாக்குடையது.

நாலு மாசம் நான் இழுத்தும் அசையாதவள்
கழுத்தைத் திருப்பினாள்.

எனக்கும் இப்போதுவரை தெரியாது
அந்த ஐஸ் எங்கே போகிறதென்று.
கித்தேரியானிடம் மறுபடி கேட்கவில்லை.
வெள்ளிக்கிழமை கோடு போடுகிறேன்,
கொஞ்சம் மெதுவாக.

குயர் நோட்டு மூன்றும் அப்படியே இருக்கின்றன.
நாவல் டோக்கன் சீட்டில் நடக்கிறது;
ஈரம் பட்டு ரெண்டு பத்தி அழிந்துபோனது,
அழிந்ததுதான் நன்றாக இருந்ததாக ஒரு சந்தேகம்.

நேற்று முதலாளி நூருல் அமீன் கேட்டார்,
"டோக்கன் கட்டில் பதினாலு குறையுதே, என்னாச்சு?"
என்ன சொல்ல?
எமரென்சியா வலது காலைத் தூக்கி
ஈர மணலில் வைத்திருக்கிறாள்.
இடது காலுக்கு
இன்னும் ரெண்டு சீட்டாவது வேண்டும்.