பச்சை ஒயர் எங்கே போகிறது

இரண்டாயிரத்து நானூறு ரூபாய்க்கு வந்தது
சூடான காற்றும் சால்டரிங் கோலும் சேர்ந்த பெட்டி.
முன்பக்கம் இரண்டு திரை, நீலத்தில் ஒன்று, சிவப்பில் ஒன்று.
பார்க்க அம்சமாகத்தான் இருந்தது.
பெருமாநல்லூர் ரோட்டில்
பனியன் கம்பெனித் தையல் மெஷின்களுக்கு
போர்டு பார்க்கிற கடை எங்களுடையது.
நவமணி அதற்குப் பொட்டு வைத்தாள்.

முதல் வாரமே மூன்று போர்டு போனது.
புதிதாய் வைத்த மாஸ்ஃபெட்
வைத்த சூடு ஆறுமுன் செத்தது.
டூப்ளிகேட் சரக்கு என்று
கோயமுத்தூர்க் கடைக்காரரை ஃபோனில் வைதேன்.
"ஏனுங்க, அதுக்கு நா என்னங்க பண்றது" என்றார்.
அந்த மரியாதைக்கு மேல் வைய வாய் வரவில்லை.

நவமணிதான் சொன்னாள்:
"கோலோட கழுத்தத் தொட்டா
எறும்பு ஊர்றாப்ல இருக்குதுங்க்கா."
எத்தனை நாளாய்?
"வந்த அன்னிக்கிருந்தேங்க. பழகிப் போச்சு."

மீட்டரின் ஒரு முனையைக் கோலின் கழுத்தில்,
மறுமுனையைக் கைகழுவும் இரும்புக் குழாயில் வைத்து
பழகிப் போச்சு என்பதை அளந்தேன்.
தொண்ணூற்று நாலு வோல்ட்.

வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிடுவது எங்கள் வழக்கம்,
கல்லாவுக்கு மேலே சாமி படம் இருக்கிறது.
செவ்வாயும் வெள்ளியும் தரையை ஈரத்துணியால் துடைப்பாள்.
அந்த ஈரத்தில் வெறுங்காலோடு நின்றுதான்
இத்தனை நாளும் கோலைப் பிடித்திருக்கிறாள்.
திறந்து பார்க்காமல் அவள் கையில் கொடுத்தது
கோயமுத்தூர்க்காரர் இல்லை.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு நாலு திருகாணியைக் கழற்றினேன்.
ஃபியூஸ் என்று அச்சடித்த இடத்தில் வளைந்த கம்பித்துண்டு.
சுவிட்ச், நியூட்ரலில்.
அணைத்துவிட்டோம் என்று நாங்கள் டீக்குப் போன நேரமெல்லாம்
ஹீட்டர் வரைக்கும் வந்து
கரண்ட் உட்கார்ந்தே இருந்திருக்கிறது.
மஞ்சளும் பச்சையுமான ஒயர் மட்டும்
யோக்கியமாய்த் தகரத்தோடு முடுக்கப்பட்டிருந்தது,
பெயிண்டின் மேலே.

பிளேடால் சுரண்டினேன். தகரம் பல்லைக் காட்டியது.
பல்வாஷர் போட்டு முடுக்கி, ஃபியூஸ் வைத்து,
சுவிட்சை ஃபேஸுக்கு மாற்றி, மூடி, போட்டேன்.
தொண்ணூற்று நாலு.

சுவர் பிளக்கைக் கழற்றினால்
மேல் ஓட்டைக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை, சிமெண்ட் தூசி.
கட்டிட ஓனர் ஈஸ்வரமூர்த்தி வந்து எட்டிப் பார்த்தார்.
"மூணு ஓட்ட வெச்சுத்தானுங்களே இருக்குது?"
மீட்டர் பெட்டியிலிருந்து ஒரு பச்சை ஒயர்
சுவரோரமாக இறங்கிப் பாதியில் நின்றது.
கார் நிறுத்தக் கான்கிரீட் போட்டபோது
அசிங்கமாய்த் தொங்குகிறதென்று வெட்டினார்களாம்.

சனிக்கிழமை, போர்க்குழாய்க்குப் பக்கத்தில் இரண்டு பேர் தோண்டினார்கள்.
ஒரு முழம் செம்மண், அப்புறம் முழுக்கச் சரளை.
கடப்பாரை தெறித்துத் தெறித்து ஏழடி போவதற்குள்
பொழுது சாய்ந்துவிட்டது.
குழாய், கரி, கல்லுப்பு.
கசிவு கண்டால் விழுகிற பிரேக்கர் ஒன்றும் போட்டேன்.
அதன் விலைக்கு அந்தப் பெட்டியே இன்னொன்று வாங்கலாம்.

சித்திரையில் இந்த மண் ஓடாய்க் காய்ந்துவிடும்.
தினமும் ஒரு குடம் ஊற்றுகிறாள் நவமணி.
"என்ன செடிங் அம்மிணி?" என்று போகிறவர்கள் கேட்கிறார்கள்.
மூன்று போர்டுக்கும் காசு வாங்கவில்லை.
என்ன மாற்றினீர்கள் என்று கம்பெனி மேனேஜர் கேட்டபோது
பெயிண்ட் சுரண்டியதாகச் சொன்னேன், நம்பவில்லை.
கடைக்குள் இப்போது ரப்பர் செருப்பு.
சாமி ஒன்றும் சொல்லவில்லை.

மீட்டரில் அரை வோல்ட்கூட இல்லை.
ஆனாலும் கோலை எடுக்குமுன்
புறங்கையால் அதன் கழுத்தை ஒரு தரம் தொட்டு
கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறாள்.
"என்ன புள்ள?"
"எறும்பக் காணமுங்க்கா."