செயலாளர் அறிக்கை, திருத்தங்களுடன்

தை பதினெட்டு, ஞாயிறு. கோப்பாய்.
பழைய சங்கக்கடைக் கட்டடத்தில்
பதினொரு கதிரை, பதினான்கு பேர்.
வாங்கின தறி வாசலால் நுழையவில்லை.
நிலையைக் கழற்றினோம், தறி உள்ளே போயிற்று.
நாளைக்கே பூட்டித் தாறன் என்ற தச்சர்
ஆனி வரைக்கும் வரவில்லை.
அதுவரை கூட்டத்துக்கு ஒரு வெள்ளாடும் வந்தது.
வரவுப் பதிவேட்டில் அதன் பெயர் இல்லை.

மாசி. பாவு ஓட்டினோம்.
எண்ணியவர் செல்வச்சோதி,
பருத்தித்துறை பஸ்ஸில் முப்பது வருடம்
நெரிசலுக்குள் தலை எண்ணிய நடத்துனர்.
நானூற்று எண்பது, என்றார்.
விழுதில் கோத்து முடிய
ஒரு கண் மட்டும் வெறுமனே நின்றது.
திரும்ப எண்ணினோம். நானூற்று எழுபத்தொன்பது.
"என்ரை கணக்குப் பிழைக்காது,
ஆரோ ரிக்கற் எடுக்காமல் இறங்கியிருக்கினம்."

நான் எழுதினேன்: ஒரு இழையைக் காணவில்லை.
கொன்சீலியா அக்கா எட்டிப் பார்த்தார்.
"அப்பிடிப் போடாதேங்கோ, பிள்ளை.
குறையுது எண்டு போடுங்கோ."
'காணவில்லை' வெட்டப்பட்டது.
மேலே நீல மையில் 'குறைவு'.
ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.
கண்டி வீதியோரம் ஒரு படத்தை மடியில் வைத்து
அவர் இருந்த வெயில்
எந்தக் கூட்டத்தின் குறிப்பிலும் வராது.

பங்குனியில் ஒரு ஓடம் தொலைந்தது.
பொருளாளர் வீட்டு மீன்தொட்டியில்
கப்பலாக அகப்பட்டது.
சித்திரை: கோரம் இல்லை.

வைகாசியில் சாயம்.
சுன்னாகம் சந்தையில் ஏழு சாக்கு வெங்காயத் தோல்,
காசு வேண்டவில்லை, கூட்டி அள்ளச் சொன்னார்கள்.
சிவப்பு வெங்காயம் சிவப்புத் தராது என்று
றிஸ்வானா முதலே சொன்னாள். நாங்கள் நம்பவில்லை.
அவரவர் கிணற்றிலிருந்து ஒவ்வொரு குடம்,
ஒரே தோல், ஒரே படிகாரம், ஒரே நெருப்பு.
நீர்வேலித் தண்ணீரில் தேன் நிறம்.
ஐந்துசந்தியில் பழுத்த பலாச்சுளை.
அச்சுவேலி, வேட்டியில் பட்ட வாழைக்கயர்.
வேலணை உவருக்குப் பாசி பிடித்த பித்தளை.
பானைக்குள் ஆணி கிடந்தது தெரியாமல்
இருபாலை மட்டும் இருட்டுப் பச்சை.
தன் கிணறுதான் வடிவென்று ஆளுக்காள்
ஒரு மணித்தியாலம் சண்டை.
தீர்மானம்: ஐந்தும் ஊடையாகும்.
முந்தியது பிந்தியது சீட்டுப் போட்டு.

ஆனியில் கதவு வந்தது. ஆடு வெளியே.

ஆடிச் சோளகம் காயப்போட்ட கழிகளைத் தூக்கி
முருங்கையில் மாட்டியது.
ஏணி பிடித்து எடுத்து, கூழ் குடித்து, நெய்யத் தொடங்கினோம்.
வேலணைப் பட்டையில் ஒரு துளி கூழ் விழுந்தது.
கழுவப் பார்த்தோம், போகவில்லை.
செல்வச்சோதி அடித்தால் துணி தகரம்.
சசிரூபி அடித்தால் மீன்வலை.
கை மாறிய இடமெல்லாம்
கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் தெரியும்.
ஆவணியில் திருவிழாச் சனத்துக்கு
கைக்குட்டை நாற்பது விற்றோம்,
விலை கேட்டுவிட்டுப் போனவர்கள் நானூறு.
புரட்டாதியில் தும்புக் கயிறு திரிக்கும் வகுப்பு.
மூன்று பேர் வந்தார்கள், கயிற்றோடு போனார்கள்.
ஐப்பசி முழுக்க மழை. நூல் ஈரம். தறி முனகியது.

கார்த்திகை: கூட்டம் வைக்கவில்லை.

மார்கழியில் துணியை அறுத்தோம்.
விழுதில் மிஞ்சின நுனிகளை உருவிக்கொண்டு வந்த சசிரூபி
இருநூற்றுப் பதினேழாம் கண்ணில் நின்றுவிட்டாள்.
அதற்குள் இரண்டு இழை.
வருடம் முழுக்க ஒன்றாய் ஏறி
ஒன்றாய் இறங்கியிருக்கின்றன.
செல்வச்சோதி கதிரையை விட்டு எழும்பினார்.
"சொன்னனான்!"
சிரித்தோம். சிரிப்பு இடையில் நின்றது.
கொன்சீலியா அக்காவைப் பாராமல் இருக்க
எல்லோரும் தறியைப் பார்த்தோம்.

அவர் துணியை மடியில் இழுத்து
கொஞ்சம் தடித்துப் போன அந்த ஒரு கோட்டை
நகத்தால் தொட்டுக்கொண்டே போனார்,
நீர்வேலி, இருபாலை, அச்சுவேலி, ஊர் ஊராக,
கூழ்த் துளி மட்டும்.

"இது கிடைச்சிட்டுது எண்டு எழுதுங்கோ."
'இது' என்பதைச் சற்று அழுத்திச் சொன்னார்.

எழுதினேன்.
அடுத்த விடயம்: சந்தா நிலுவை.