சூப்புக்கு விதி இல்லை

சண்டை தொடங்கி ஆறு வினாடி.
சுவர்க் கடிகாரத்தில் நாற்பது நிமிடம்.
பாலத்தின் நடுவே பூதம் ஓங்கிய கதை
ஓங்கியபடியே நிற்கிறது.
அதன் அக்குளில் இந்நேரம் பனி உறைந்திருக்கும்.

நடத்துநர் நான்.
டிக்கெட் கிழிக்காத நடத்துநர்.
மழையைப் பெய்யச் சொல்வேன், கதவைக் கிறீச்சிடச் சொல்வேன்,
செத்தவர் யாரென்று சொல்வது மட்டும்
பகடையின் வேலை.

வூச் நகரம், நாலாம் மாடி, ஜனவரி.
கீழே டிராம் திரும்பும்போதெல்லாம்
மேசைமேல் ஈயப் போர்வீரர்கள்
விதியை மீறி அரை அங்குலம் நகர்வார்கள்.
லுட்சியன் அவர்களை இழுத்துப் பழைய கட்டத்தில் வைப்பான்.
வருமான வரி அலுவலகத்துக்காரன். அவன் விதிப் புத்தகத்தில்
மஞ்சள் தாள், விழுதல். பச்சைத் தாள், மூழ்குதல்.
சிவப்பு, எரிதல்.

காயெத்தான் சனிக்கிழமைகளில் பள்ளிக்கூட ஜிம்மில்
நீள்வாள் பழக்குகிறவன்.
"யாரும் இப்படி வீசமாட்டார்கள்" என்பான்.
"நிஜச் சண்டை மூணு எண்ணுவதற்குள் முடிந்துவிடும்.
மீதி நேரம் மூச்சு வாங்குவது."
அவன் சொல்கிறபடி ஆடினால்
எட்டே கால் மணிக்கு எல்லோரும் செத்துப்போய்
ஒன்பது மணி டிராமுக்குக் காத்திருக்க வேண்டும்.
ஒருமுறை ஆடிப் பார்த்தோம். அப்படித்தான் ஆயிற்று.

போக்னாவின் முறை.
ஆம்புலன்ஸ் சீருடையை மாற்றாமல் வந்திருந்தாள்.
"சூப்பைக் கொட்டுகிறேன்" என்றாள்.
"எந்த சூப்?"
"முகாமில் கொதித்ததே, அதை. அண்டாவோடு. பூதத்தின் தலையில்."

லுட்சியன் புரட்டினான்.
அமிலம் இருக்கிறது, பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு.
காய்ச்சிய எண்ணெய் இருக்கிறது.
டிராகனின் எச்சில்கூட, அரைக் கோப்பைக்கு இவ்வளவு என்று.
ஏட்டில் சூப் இல்லை.
"அப்படியானால் சேதமும் இல்லை."
"பனியில் ஒரு மணி நேரம் தூக்கி வந்த சூப்" என்றான் காயெத்தான்.
"பூதத்துக்குச் சளி பிடிக்கலாம்."

நான் சிரித்துவிட்டேன்.
நான் சிரித்தால் அனுமதி என்று அர்த்தம்,
எங்கள் மேசையில் எழுதிவைக்காத ஒரே விதி.
பென்சிலை எடுத்தேன். என்ன சூப்?

"ஜூரெக். புளித்த மாவு, சாசேஜ், பாதி முட்டை.
கெட்டியாக இருக்கும், சீக்கிரம் ஆறாது.
வெந்நீர் என்றால் வழிந்துவிடும். இது ஒட்டிக்கொள்ளும்.
சட்டையைக் கழற்றும்போது கூடவே..."

நிறுத்தினாள்.

வெப்பக் குழாய் இரண்டு முறை தட்டியது.
நிஜம் வேண்டும், நிஜம் வேண்டும் என்று
நாலு வருடமாகக் கேட்டுவந்த காயெத்தான்
ரொட்டித் துணுக்குகளை விரலால் ஒரே இடத்தில் சேர்த்தான்.
யார், எந்தத் தெரு, எத்தனை வயது,
ஒருவரும் கேட்கவில்லை.

லுட்சியன் பக்கங்களைப் பின்னால் தள்ளினான்.
"கோடரி. பக்கம் எண்பத்தொன்று.
பட்டால் எட்டுப் புள்ளி. அவ்வளவுதான்."

எட்டுக்குத் தோல் கிடையாது.
எட்டு யாரையும் அம்மா என்று கூப்பிடாது.
கழித்து எழுதிக்கொள்ளலாம்.
எத்தனை முறை திட்டியிருப்பேன் அந்தப் புத்தகத்தை.

"சரி, கோடரி" என்று உருட்டினாள்.

பகடை தட்டில் மோதி, விளிம்பைத் தாண்டி,
குழாய்க்கு அடியில் போய் ஒளிந்தது.
மேசையை விட்டு விழுந்த பகடை செல்லாது.
லுட்சியன் போட்ட விதி, கதவில் ஒட்டியிருக்கிறது, கையெழுத்தோடு.
போட்டவனே குப்புறப் படுத்தான்.
தொப்பை தரையில் அழுந்த, கைபேசி விளக்கோடு
தூசிக்குள் முகத்தை நுழைத்துப் பார்த்தான்,
வெகுநேரம்.

"பதினாலு" என்றான் உள்ளேயிருந்து.
பூதத்தை வீழ்த்தத் தேவை பதினாலு.

நான் உட்கார்ந்த இடத்திலிருந்து தெரியவில்லை.
எடுத்துத் துடைத்து அவள் உள்ளங்கையில் வைத்தபோது
இருபது முகமும் அதில் ஒன்றுபோல் இருந்தன.
இருபத்திரண்டு வருடம் வரி அலுவலகத்தில்,
ஒரு கணக்கிலும் கைவைக்காதவன் என்று பெயர்.

பாலத்தில் கதை விழுந்தது.
சத்தத்துக்காக நான் மேசையை ஓங்கித் தட்டினேன்.
ஈயக்காரர்கள் எல்லோரும் சாய்ந்தார்கள்.
நிமிர்த்திவைக்க
யாருக்கும் அவசரமில்லை.