எண்ணெய் பிரியும் வரை

வியாழன் மாலை ஹெலிகாப்டர்
அவனை அபர்டீனில் இறக்கிவிட்டது.
மூன்று வாரம் கடல், மூன்று வாரம் கரை:
பதினொரு வருஷமாக இதுதான் எங்கள் கணக்கு.
இந்த முறை மர்டோ பையிலிருந்து
அழுக்குத் துணிக்கு முன்னால்
ஒரு தாளை எடுத்தான்.
எண்ணெய் மேடையின் சமையற்காரர்,
கோவாவின் கயெத்தானோ ரெபெலோ,
பழுதுப் பட்டியலின் முதுகில்
கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தது.

"சனிக்கிழமை ராத்திரி அங்கே குழம்பு.
நூற்றிருபது பேர்.
மேடையே ஆடுகிற காற்றிலும்
வரிசை கலையாது" என்றான்.
என்னிடம் அவன் இவ்வளவு நீளமாகப் பேசி
வெகு நாளாயிற்று.

நானும் ஒரு வாக்கியம் வைத்திருந்தேன்.
பீட்டர்ஹெட் மீன் ஆலையில்
ஹாடக்கின் முள்மேல் கத்தியை ஓட்டிக்கொண்டே
மூன்று வாரம் சொல்லிப் பழகியது.
வெள்ளி இரவு, எல்ஸ்பெத் தூங்கிய பின்
என்று நேரமும் குறித்தாயிற்று.

வெள்ளிக்கிழமை அவன் வெங்காயம் நறுக்கினான்.
எட்டு.
எங்கள் வீட்டில் கொத்திறைச்சிக்கு ஒன்று போடுவோம்,
அதுவும் இருப்பது தெரியாமல் கரைந்துபோகும்.
"ஐந்து நிமிஷம் வதக்கினால் போதாதா?"
தாளைத் திருப்பிக் காட்டினான்:
நாற்பது. அவசரக்காரன் சமைக்க வேண்டாம்.

மல்லியும் சீரகமும் வறுபட்டன.
புகைமணி அலறியது.
எல்ஸ்பெத் நாற்காலியில் ஏறி
துடைப்பக் காம்பால் அதை அடக்கினாள்.
மேல்வீட்டு பக்கன் இறங்கி வந்து
"ஏதாவது எரிகிறதா?" என்றார்.
இல்லை என்ற பிறகும் போகவில்லை.
வாசலில் நின்று மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார்,
ஓசியில் கச்சேரி கேட்பவரைப் போல.

தக்காளி விழுந்தது. மிளகாய், மஞ்சள்.
அடுத்த வரியில் மர்டோ நின்றுவிட்டான்.
எண்ணெய் பிரியும் வரை.
"இதென்ன புதிர்?" என்றேன்.
அவனுக்குச் சிரிப்பு வந்தது.
"என் சம்பளமே இதற்குத்தான்.
கிணற்றிலிருந்து எண்ணெயா வருகிறது?
தண்ணீர், மணல், வாயு, எல்லாம் சேர்ந்த குழப்பம்.
பெரிய கலத்தில் நிறுத்தி வைப்போம்.
கலக்கினால் பிரியாது.
சும்மா விட வேண்டும்."

தீயைக் குறைத்தான்.
பிரிவதைப் பற்றி நான் பேச இருந்த இடத்தில்
இருவரும் குனிந்து
ஒரு சட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தோம்.
முதலில் ஒன்றுமில்லை.
பிறகு விளிம்பில் ஒரு சிவப்புப் பொட்டு.
இன்னொன்று.
பிறகு சட்டியைச் சுற்றி மெல்லிய, மினுங்கும் கரை.

தேங்காய்ப்பால் டப்பாவைத் திறந்தான், புளி கரைத்தான்.
கோழி வாங்கி வைத்திருந்தான்.
நான் ஒன்றும் சொல்லாமல்
ஆலையிலிருந்து கொண்டுவந்த ஹாடக்கை
அவன் முன்னால் வைத்தேன்.

துண்டுகளை இறக்கிவிட்டு
கரண்டியை எடுத்தவனின் மணிக்கட்டைப் பிடித்தேன்.
"மீன் உடையும். சட்டியைத்தான் ஆட்ட வேண்டும்."
இரண்டு காது வைத்த சட்டி.
ஒன்று அவன் கையில், ஒன்று என் கையில்.
சூடு துணியைத் தாண்டி வந்தது.

பக்கனுக்கு ஒரு கிண்ணம் போயிற்று.
எல்ஸ்பெத் மூன்று தம்ளர் பால் குடித்து
மூக்கைத் துடைத்துக்கொண்டு
மறுபடி தட்டை நீட்டினாள்.
அவள் தூங்கினாள்.
நேரம் வந்தது.
மேசையில் தாள் கிடந்தது, மஞ்சள் விரல்ரேகையோடு.
கடைசி வரியை அப்போதுதான் படித்தேன்:
மறுநாள் ருசி கூடும். பொறுத்திரு.

சனிக்கிழமை காலை, அவன் எழும் முன்,
வெளியே மூடுபனி துறைமுகத்தை விழுங்கியிருக்க,
மூடியைத் திறந்து
நின்றபடி, விரலால், ஆறிய குழம்பை வழித்தேன்.
கயெத்தானோ பொய் சொல்லவில்லை.
வாக்கியம் இன்னும் வாயில்தான் இருக்கிறது,
புளிப்புக்கும் காரத்துக்கும் நடுவே எங்கோ.
ஜன்னலைத் திறக்கப் போன கை
திரைச்சீலையை முகர்ந்துவிட்டுத் திரும்புவதற்காக
அதைப் பிடித்து இழுத்துக்கொண்டது.