வழக்குப் பொருள் ஏழு

அக்கரைப்பற்று நீதவான் நீதிமன்றின் பின்னறை.
கத்திகளுக்கும் கசிப்புக் கானுக்கும் நடுவே
நாற்பத்தெட்டு மீன்டின்.
பெட்டியோடு இறக்கினார் ஜெசீமா மிஸ்,
நுகர்வோர் அதிகாரசபை.
"எண்ணி ஒப்பம் வையுங்க கிளாக்கர்."

டின்னில் நீலக்கடல், துள்ளும் மீன்,
முதல் தரம் என்று தங்க எழுத்து,
பக்கத்தில் எஸ்.எல்.எஸ். முத்திரை.
முத்திரையின் இலக்கத்தைத் தேடிப் பார்த்தாராம்:
அது ஒரு பிளாஸ்டிக் கதிரைக்குக் கொடுத்தது.
அதைப் பதிவேட்டில் எழுதும்போது
நான் இருந்ததும் ஒரு பிளாஸ்டிக் கதிரையில்.

ஒன்றை வெட்டி, வடித்து, நிறுத்தார்.
சொன்ன நிறையில் பாதி தண்ணீர்,
மீதியில் பாதி வால்.
நகத்தால் லேபலைச் சுரண்டினார்.
கீழே இன்னொரு லேபல், இன்னொரு பெயர்,
முடிந்துபோன திகதி.
இன்னும் சுரண்டியிருந்தால்
மீன் தன் பெயரையே சொல்லியிருக்கும்.

பிறகு தவணை.
சட்டத்தரணிக்குக் காய்ச்சல், தவணை.
கொழும்பிலிருந்து அறிக்கை வரவில்லை, தவணை.
மாரி பிறந்து, வட்டைக்குள் வெள்ளம் நின்று, வடிந்தது.
டின்கள் மட்டும் ஊதிக்கொண்டே இருந்தன,
மாசம் ஏறின வயிறுபோல.

சித்திரை வெயிலில் ஏழாம் இலக்கம் வெடித்தது,
விளக்கம் நடந்துகொண்டிருந்தபோது.
நாற்றம் யாரையும் கேளாமல் மன்றுக்குள் ஏறிற்று.
சத்தியம் செய்யவில்லை.
மொழிபெயர்ப்பாளரும் தேவைப்படவில்லை.
குறுக்கு விசாரணைக்கு எழுந்தவர்
லேஞ்சியை மூக்கில் வைத்தபடி
இருந்துவிட்டார்.
ஐயா மின்விசிறியைக் கூட்டச் சொன்னார்.

முகவர் அன்றே தண்டம் கட்டினார், காசாக,
எண்ணிப் பார்க்காமல்.
டின்களை அழிக்கக் கட்டளை.
பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் குழி வெட்டி
ஒவ்வொன்றாய் ஆணியால் குத்தி மண் போட்டோம்.
தூரத்தில் இரண்டு யானை
கிட்ட வராமல் நின்று பார்த்தன.

நான் ஒட்டிய துண்டுகளும் கூடவே புதைந்தன:
வழக்கிலக்கம், திகதி, என் ஒப்பம்,
'சரி பார்க்கப்பட்டது.'
எதைச் சரி பார்த்தேன்?
எண்ணிக்கையை.

மாதக் கடைசி.
கடையில் ஒரு டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்.
முதலாளி சிரிக்கிறார்:
"கோட்டுல வேலை செய்யிற உனக்குத் தெரியாததா மனே?"
வேறு கம்பனி, வேறு பெயர்,
அதே தங்க எழுத்து.
ஓரத்தை நகத்தால் சுரண்டினேன்.
உரியவில்லை.
நல்ல பசையாக இருக்கலாம்.
காசைக் கொடுத்தேன்.